இரு கரைக்கும் நாணல் வைத்த அக்கா

எங்கள் அக்கா கண்மூடி ஓர் ஆண்டு நிறைகிற இந்தப் பங்குனி நாளில், வெயிலையும் வண்டிப் பாதையையும் பொருட்படுத்தாமல் வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், அக்கரை இக்கரை ஊராருக்கும் என் வணக்கம்.

இதை எழுதும் பொறுப்பை மச்சான் என்னிடம் ஒப்படைத்தார். ஒப்படைக்கும்போதே ஒரு நிபந்தனையும் போட்டார். "மாப்ளே, பத்திரிகையில எழுதுற மாதிரி எழுதிறாத. படிக்கிறவுக கண்ணு கலங்கணும்." நான் மதுரையில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. மிச்ச நேரத்தில் சிரிப்புக் கட்டுரை எழுதுகிறேன். அவற்றைப் படித்துக் கண் கலங்கியவர்கள் பலர் உண்டு என்று என் வீட்டிலேயே சொல்லக் கேட்டிருப்பதால், மச்சானின் நிபந்தனை எனக்குப் பெரிய தொல்லையாகத் தெரியவில்லை. யுத்த காலத்துக் காகிதத் தட்டுப்பாட்டைக் காட்டி அச்சுக்கூடத்துக்காரரும் நீட்ட வேண்டாம் என்றிருக்கிறார். ஆகவே அக்காவின் குணங்களில் தலையாயதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அது கவலை. தயை, சிக்கனம், தெய்வ பக்தி எல்லாம் அவரிடம் இருந்தன. ஆனால் அவையெல்லாம் கவலைக்குப் பிறந்த பிள்ளைகள்.

அக்கா ஓடைப்பட்டியில் பிறந்தார். ஊரின் பெயரில் இருக்கும் ஓடை எங்கள் காட்டுப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. வானம் பார்த்த பூமி. மேகம் மலைப்பக்கம் போனால் "போச்சே" என்றும், நம் பக்கம் வந்தால் "நிக்காமப் போயிருமே" என்றும் சொல்லிக்கொண்டு அக்கா வளர்ந்தார். எங்கள் தாயார் சீக்கிரமே காலமாகிவிட்டதால் அடுப்பும் நானும் அக்காவின் பொறுப்பில் வந்தோம். அடுப்பு அவருக்கு அடங்கியது.

பிறகு ஆற்றங்கரை ஊரில் மச்சானுக்கு வாழ்க்கைப்பட்டார். பேரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியே இறங்கி வரும் ஆறு. அதன் கரையில் வெற்றிலைக் கொடிக்கால், கொடிக்காலுக்குப் பின்னால் வீடு. தண்ணீர் இல்லையே என்று தவித்த பெண்ணைத் தண்ணீர் வந்துவிடுமே என்று தவிக்கிற இடத்துக்குக் கட்டிக் கொடுத்தோம். சீதனமாகக் கொண்டுபோன கவலை அங்கே நன்றாகவே பலித்தது.

அந்த இடத்தில் ஆறு வளைந்து திரும்புகிறது. திரும்பும்போதெல்லாம் எங்கள் பக்கத்துக் கரையைக் கடித்துவிட்டுத்தான் திரும்பும். கல்யாணமாகி வந்தபோது கொடிக்காலுக்கும் ஆற்றுக்கும் நடுவே தென்னைகள் நின்றன. அக்காவுக்கு முதல் பிள்ளை பிறப்பதற்குள் அவை ஒவ்வொன்றாகத் தலை சாய்ந்து தண்ணீரில் போயின. அடுத்தது மாட்டுக் கொட்டகை. அதற்கடுத்தது கொடிக்காலின் முதல் வரிசை. வரிசை வரிசையாக எண்ணிக்கொண்டே வந்தால் கடைசியில் வருவது அடுப்படி என்பதை அக்கா அறிவார். மச்சானும் அறிவார், ஆனால் அவர் வெற்றிலைக் கட்டுகளோடு மேகமலை எஸ்டேட்டுக்கு ஏறிவிட்டால் இறங்கி வரும் வரை ஆற்றை மறந்திருக்கும் வரம் பெற்றவர். அக்காவுக்கு அந்த வரம் இல்லை. பொழுது சாய்ந்தால் கையில் என்ன வேலை இருந்தாலும் போட்டுவிட்டுக் கரைக்குப் போவார். போக முடியாத நாளில் எதிரே வருகிற யாரையும் விடமாட்டார்.

"தண்ணி எங்கன நிக்கிது?"

நான் விடுமுறைக்குப் போனால் என்னிடமும் முதல் கேள்வி அதுதான். சாப்பிட்டாயா என்பது இரண்டாவது.

ஊருக்குக் கீழே எருமைகள் படுக்கும் சதுப்பில் நாணல் தானாக வளர்ந்து கிடக்கிறது. எத்தனை வெள்ளம் வந்தும் அந்த ஓரம் மட்டும் கரையாமல் இருந்ததைத் தினமும் கரை பார்க்கிற அக்காவின் கண் பார்த்துவிட்டது. நாணலின் வேர்க்கட்டை மண்ணுக்குள் கயிறு திரித்தது போல ஓடும். கணுவுக்குக் கணு புதிய முளை விடும். மண்ணைப் பிடித்தால் விடாது. அதைக் கொண்டுவந்து நம் கரையில் வைத்தால் என்ன என்று கேட்டார்.

மச்சான் மறுக்கவில்லை. ஆனால் நல்ல காரியத்தை நல்ல நாளில் செய்ய வேண்டும் என்றார். ஆறு சம்பந்தப்பட்டதற்கு ஆடிப் பதினெட்டைவிட நல்ல நாள் எது? ஊரே அன்று ஆற்றங்கரையில்தான் இருக்கும். நானும் மதுரையிலிருந்து வந்து சேர்ந்தேன். சித்திரான்னம் கட்டிக்கொண்டு, தேங்காய் உடைத்து, மஞ்சளும் பூவும் விட்டு, எல்லோருமாகக் கரை நெடுக நாணல் நட்டோம். நுங்கும் நுரையுமாகப் பெருகி வரும் ஆற்றை விழுந்து கும்பிட்டுவிட்டு, அந்த ஆற்றின் வாயிலேயே பச்சை முளையை ஊட்டினோம். பெருக்கைக் கொண்டாடுகிற நாளில் பெருக்கு இருக்கும் என்பது எங்களில் எவருக்கும் தோன்றவில்லை. அன்று மாலைக்குள் ஒரு முளை மிச்சமில்லை. மறு வருடமும் அதே நாளில் நட்டோம். முந்தின வருடம் ராகு காலம் பார்க்காததுதான் கோளாறு என்று முடிவாகியிருந்தது. இந்த முறை ராகு காலம் கழித்து நட்டோம், அதுவும் போயிற்று. படித்தவன் என்ற முறையில் இரண்டு தடவையும் முளைக் கட்டைத் தூக்கிக்கொண்டு நின்றது நான்.

அந்தக் கார்த்திகையில் கொடிக்காலின் இன்னொரு வரிசை ஆற்றில் இறங்கியது. அக்கா அழவில்லை. "ஆத்துல தண்ணி கொறஞ்சு கெடக்கையில நட்டா என்ன?" என்று மட்டும் கேட்டார். ஆறு மெலிந்து கிடப்பது பங்குனியில். பங்குனியில் எவனாவது நடவு நடுவானா என்று மச்சான் சிரித்தார். காளியம்மனுக்கு முளைப்பாரி போடுகிறோமே, அது பங்குனிதானே என்றார் அக்கா.

முளைப்பாரி பெண்களின் காரியம். மண் ஓடுகளில் கரம்பை மண்ணும் ஆட்டுப்புழுக்கையும் போட்டு நவதானியம் விதைத்து, இருட்டு அறையில் வளர்த்து, கும்மி கொட்டி, ஊர்வலமாகக் கொண்டுபோய் ஆற்றில் கரைப்பார்கள். முளை வெளிறினாலும் அழுகினாலும் ஊருக்கு ஆகாது. அப்படிப்பட்ட ஓட்டுக்குள் தானியத்துக்கு அடியில் ஒரு நாணல் கணுவையும் புதைக்கலாமா என்று அக்கா ஊர்ப் பெண்களிடம் கேட்டார். கேட்டுவிட்டு அவரே பயந்துபோனார். கடைசியில் அம்மன் சந்நிதியில் சிவப்புப் பூவும் வெள்ளைப் பூவும் பொட்டலம் கட்டிப் போட்டுப் பார்த்தார்கள். வெள்ளைப் பூ வந்தது. அம்மன் சரி என்றுவிட்டாள்; அக்காவின் மனம் சரி என்று சொல்லவில்லை. முளை வளர்ந்த நாட்களில் அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று பிறகு மச்சான் சொன்னார். ஊர்வலத்தன்று மெல்லிய தானிய முளைகளுக்கு நடுவே தடித்த குருத்துகள் தலைநீட்டியிருந்தன. பூசாரி அருகே வந்து பார்த்தார்.

"என்ன தாயி இது, ஊசி மாதிரி நிக்கிது?"

"ஆத்தா குடுத்தது, சாமி," என்றார் அக்காவுக்கு முன்னால் நடந்த கிழவி. பூசாரி அந்தக் குருத்துக்கும் சேர்த்துத் திருநீறு போட்டுவிட்டு நகர்ந்தார்.

அந்த வருடம் முளைப்பாரியை நீரோட்டத்தில் விடாமல் கரையின் ஈரச் சேற்றில் வரிசையாக இறக்கி வைத்தார்கள். கணுக்கால் அளவு தண்ணீர்தான் ஓடியது. ஆடியில் ஆறு பெருகி வந்தபோது நாணல் இடுப்புயரம் நின்றது. ஐப்பசி வெள்ளத்தில் அது அப்படியே படுத்து, தண்ணீர் வடிந்ததும் எழுந்துகொண்டது. கரையில் ஒரு கூடை மண்கூடப் போகவில்லை. தீபாவளிக்குப் போயிருந்த நான் மறுநாள் கட்டுரை எழுதுகிற மகிழ்ச்சியில் இருந்தேன். அக்கா மட்டும் மகிழவில்லை. அவர் எதிர்க் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் கடிக்க முடியாத ஆறு அந்தப் பக்கம் வாயை வைத்திருந்தது. அக்கரையில் ஒரு வீட்டார் தங்கள் வாழைத் தோட்டத்தின் ஓரம் சரிவதைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். சத்தம் கேட்கவில்லை, வாய் அசைவது தெரிந்தது.

தண்ணீர் வடிந்ததும் அந்த வீட்டுப் பெரியவர் ஆற்றைக் கடந்து வந்தார். கொடிக்கால் வாசலிலேயே நின்றுகொண்டார்.

"ஆத்தா, ஒங்க நாணலு சொகமா இருக்கா?"

"இருக்குண்ணே. ஒங்க பக்கம்..."

"எங்க பக்கம் எங்கன இருக்கு? ஒங்க வாசல்ல வர்ற தண்ணிய எங்க தோட்டத்துக்குள்ள தள்ளிவிட்டுட்டு, ஒங்களுக்கெல்லாம் ஒறக்கம் வருதாக்கும்."

"ஆறு என்ன எங்க வீட்டு மாடா, அவுத்துவிட?" என்றார் மச்சான்.

"மாடா இருந்தா பவுண்டுப் பட்டியில கொண்டுபோய் அடைச்சிருப்பேனே."

சட்டம் தெரிந்தவன் சும்மா இருக்கலாகாது என்று நான் குறுக்கிட்டேன். "கரைப் பாத்தியதை விஷயத்தில் கோர்ட்டார் அபிப்பிராயம் என்னவென்றால்..."

"நீங்க யாரு?"

"அக்காவுக்குத் தம்பி."

"அப்ப தம்பியாவே இருங்க," என்றார். இருந்தேன்.

அக்கா தலை குனிந்தபடி சொன்னார்: "எனக்கும் ஒறக்கம் வரலண்ணே."

பெரியவர் ஆற்றில் இறங்கிப் போய்விட்டார்.

அன்றிலிருந்து அக்காவின் கவலை இரட்டித்தது. ஒரு கரைக்குப் பட்டுக்கொண்டிருந்தவர் இரண்டு கரைக்கும் படத் தொடங்கினார். அடுத்த பங்குனியில் எங்கள் நாணலிலேயே நன்றாகப் பிடித்திருந்த வேர்க்கட்டைகளைத் தோண்டத் தொடங்கியபோது மச்சானுக்குக் கோபம் வந்தது.

"கரையக் காக்குறதத் தோண்டிக் குடுத்துட்டு, ஐப்பசிக்கு நீ குறுக்க படுத்துக்கிருவியா?"

"படுத்துக்கிர்றேன்."

"வெளையாடாதடி. நம்ம வீடு போயிரும்."

"அவுக வீடு மட்டும் போகலாமாக்கும்?"

கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அக்கா ஆற்றில் இறங்கினார். துணைக்கு நான் போனேன். என் வேட்டியை உயர்த்திப் பிடிக்கவே எனக்கு இரண்டு கையும் சரியாக இருந்தது. அக்கரைப் பெரியவர் கூடையைப் பார்த்தார்.

"வெட்டிப்பிட்டு மருந்தும் நீங்களே கொண்டாறீகளா? வேணாம் தாயி. எடுத்துக்கிட்டுப் போ."

அக்கா வாதாடவில்லை. கூடையை இறக்கிவிட்டு அவருடைய கரையைப் பார்த்துக் கவலைப்பட ஆரம்பித்தார். வாய்விட்டு.

"இந்தப் புளிய மரத்து வேரு வெளிய தெரியுதேண்ணே. இது சாஞ்சா வரப்பையும் இழுத்துக்கிட்டுல்ல போகும்."

"ம்."

"வரப்பு போனா களத்துமேடு நிக்காதுல்ல. களத்துமேட்டுலதான வைக்கோப்படப்பு வச்சிருக்கீக. படப்பு போனா மாட்டுக்கு என்ன செய்வீகண்ணே? அந்தச் செவலைப் பசு வேற செனையா இருக்கு போல..."

"ஆத்தா."

"மாடு போகட்டும். கெணறு எங்கன இருக்கு? அய்யோ, இங்கனயா தோண்டுனீக?"

பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அக்கா கவலைப்பட்டு நான் பலமுறை கேட்டிருக்கிறேன்; அவர் கேட்பது அதுதான் முதல் தடவை. பழக்கமில்லாதவர்களால் அதைத் தாங்க முடியாது.

"போதும் தாயி. எங்கன நடணும்? சொல்லு."

ஆனால் நட்டு முடிந்ததும் பெரியவர் ஒரு வார்த்தை வாங்கிக்கொண்டார். இந்த ஐப்பசியில் தன் கரை போனால், எங்கள் நாணலை அக்காவே வேரோடு அகற்றிவிட வேண்டும். அக்கா சரி என்றார். வீடு வந்து இதைச் சொன்னபோது மச்சான் அன்றே வீட்டுப் பெட்டிகளை எண்ணத் தொடங்கிவிட்டார்.

அந்த ஐப்பசியை நான் மறப்பதற்கில்லை. தீபாவளிக்கு முந்தியே மழை பிடித்துக்கொண்டது. ஆறு செம்மண் நிறத்தில் கரை தொட்டு ஓடியது. முழு வாழை மரங்கள் மிதந்து போயின. எங்கள் பக்கத்தில் அக்கா கிளறிக் கொடுத்த இடங்களில் நாணல் இன்னும் சிறிதாகத்தான் இருந்தது. மச்சான் பெட்டிகளைக் கோயில் மேட்டுக்கு ஏற்றினார். நானும் ஒரு பெட்டியைத் தூக்கிப் போனேன். அதில் என் கட்டுரைகள் இருந்தன என்பதைக் கண்டு மச்சான் பார்த்த பார்வையை இங்கே அச்சிட முடியாது. அக்கா கரையைவிட்டு வர மறுத்துவிட்டார். தண்ணீர் இரைச்சலில் அக்கரைக்குக் கூப்பிட்டால் கேட்காது. அதனால் பெரியவரோடு முன்பே ஓர் ஏற்பாடு செய்திருந்தார்: கரை நிற்கிற வரை பொழுது சாயும்போது அவர் தன் வெள்ளைத் துண்டை உயர்த்திக் காட்ட வேண்டும்.

பொழுது சாய்ந்தது. இரண்டு பக்கமும் நாணல் முழுவதும் தண்ணீருக்குள் படுத்துவிட்டது. கரை எது ஆறு எது என்று தெரியவில்லை. அக்கரையில் ஆள் நடமாட்டமில்லை. அக்கா என் கையைப் பிடித்திருந்தார். அவர் நடுங்குகிறார் என்று வெகு நேரம் நினைத்துக்கொண்டிருந்தேன், நடுங்கியது நான்.

"துண்டு தெரியுதாலே?"

"தெரியலக்கா."

"நல்லாப் பாரு. நீ கண்ணாடி போட்டவன்ல."

மழைத் தண்ணீர் வழிந்த கண்ணாடியில் எனக்கு மதுரையே தெரிந்திருந்தாலும் ஆச்சரியமில்லை. கடைசியில் அக்காதான் கண்டார். புளிய மரத்தடியில் ஒரு வெள்ளை மேலே போயிற்று, கீழே வந்தது, மறுபடி மேலே போயிற்று. புளிய மரம் நின்றது. நாங்களும் நின்றோம். அக்கா தன் முந்தானையை எடுத்து உயர்த்திக் காட்டினார்.

அதன் பிறகு இரு கரையிலும் நாணல் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்தது. ஆடிக் காற்றில் கொடிக்காலைக் காக்கிற தட்டிகளும், கொட்டகைக் கூரையும், கொடியைத் தாங்கும் குறுக்குத் தட்டைகளும் அதிலிருந்தே வந்தன. தை பிறந்து தட்டை காய்ந்த பின்தான் அக்கா அறுக்க விடுவார். தண்ணீருக்கு மேலே ஒரு சாண் விட்டு அறுக்க வேண்டும். தண்ணீருக்குள் அறுத்தால் தட்டை வழியாக நீர் இறங்கி வேர் அழுகிவிடும். ஆற்றை ஒட்டிய வரிசையில் எவரும் அரிவாள் வைக்கக்கூடாது. இதைச் சொல்வதற்காகவே அறுப்பு நாள் முழுவதும் பின்னாலேயே நடந்து வேலையாட்களின் பிராணனை வாங்குவார். ஐப்பசி கார்த்திகையில் பொழுது சாயும்போது அக்கரையில் துண்டு உயர்வதும் இக்கரையில் முந்தானை உயர்வதும் ஒவ்வொரு வருடமும் நடந்தன. வெள்ளமே இல்லாத வருடத்திலும் நடந்தன.

சென்ற வருட மாசியில் அக்காவுக்கு மலைக்காய்ச்சல் வந்தது. விட்டு விட்டு வந்து, பிறகு விடாமல் நின்றது. நான் லீவு எழுதிப் போட்டுவிட்டு வந்தேன். பங்குனி பிறந்திருந்தது, ஆற்றில் மணல்தான் அதிகம். ஆனாலும் மாலையானால் கேட்பார். நான் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வேன். வாழ்க்கையில் நான் தவறாமல் செய்த உத்தியோகம் அது ஒன்றுதான்.

கடைசி மாலையிலும் கேட்டார். "தண்ணி எங்கன நிக்கிது?"

"கணுக்காலுக்குத்தான்க்கா."

"நம்ம பக்கம் சொல்லுற. அக்கரையில?"

"அக்கரையிலயும் அதே ஆறுதானக்கா."

"அண்ணன் துண்டு காட்டிட்டாகளா?"

பங்குனி வெயிலில் யார் துண்டு காட்டப்போகிறார்கள்? ஆனாலும் போனேன். அக்கரையில் பெரியவர் மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். துண்டைக் காட்டச் சொல்லி இங்கிருந்தே கத்தினேன். அவர் மாட்டை விட்டுவிட்டு நிமிர்ந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து, கை எட்டும் உயரத்துக்குத் தூக்கிக் காட்டினார். ஓடி வந்து சொன்னேன். அக்கா தலையை அசைத்தார். விடிவதற்குள் அடங்கிவிட்டார்.

அக்காவைக் குளிப்பாட்ட ஆற்று நீர் எடுத்துவர, நீர்மாலைக்குப் புறப்பட்டோம். பிறந்த வீட்டு ஆண் என்ற முறையில் முதல் குடம் நான் எடுத்தேன். நாங்கள் கரையேறும்போது அக்கரைப் பெரியவர் நாணலை விலக்கிக்கொண்டு இறங்கி வந்தார். அவரும் ஒரு குடம் கொண்டுவந்திருந்தார். அதில் தன் கரை ஓரத்து நீரை முகந்துகொண்டு, தலையில் வைத்து, ஆற்றைக் கடந்தார். தள்ளாத வயது; பாசிக் கல்; வழுக்கி விழுந்துவிடப் போகிறாரே, குடம் உடைந்துவிடுமே, மணலில் இடறுவாரே என்று என் மனம் அடுக்கிக்கொண்டே போனது. இந்த மாதிரி ஒன்றன் பின் ஒன்றாக நினைப்பது யாருடைய வழக்கம் என்பது அப்போதுதான் உறைத்தது.

அவர் விழவில்லை. வாசலில் குடத்தை இறக்கினார். நீரை ஊற்றுவதற்கு முன் அக்காவின் முகத்துக்கு நேரே குனிந்தார்.

"ஆத்தா, தண்ணி கணுக்காலுக்குத்தான் கெடக்கு. ரெண்டு கரையும் இருக்கு. நீ பயப்படாமப் போ."

பிறகு ஊற்றினார்.

காய்ச்சல் நாட்களில் கம்பத்திலிருந்து வண்டி கட்டி வந்து மருந்து கொடுத்த டாக்டர் அவர்களுக்கும், கஞ்சி காய்ச்சிக் கொடுத்து முறை வைத்துக் கண் விழித்த ஊர்ப் பெண்களுக்கும், பந்தலுக்குத் தட்டி கட்டியவர்களுக்கும், தன் கரை நாணலைத் தானே அறுத்து அனுப்பிய அக்கரைப் பெரியவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. வந்திருப்பவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும். ஆற்றில் கை கழுவ இறங்குகிறவர்கள் தயவுசெய்து நாணல் ஓரத்தை மிதிக்க வேண்டாம். படித்துறை வழியாக இறங்குங்கள். அந்த ஓரத்தில் இந்த வாரம்தான் புதுக் கணு வைத்திருக்கிறோம். ஐப்பசிக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன என்று மச்சான் சொல்கிறார். இருக்கலாம். இதை அச்சுக்குக் கொடுத்துவிட்டு நான் கரைக்குப் போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வருகிறேன்.

அன்புத் தம்பி